இருநூற்றைம்பது கிலோ

பெட்டியில் எதுவும் எழுதியிருக்காது.
டர்பன் துறைமுகத்திலிருந்து
செவ்வாய்க்கிழமை லாரியில் வரும்,
பழுப்பு அட்டை, குறுக்கே இரண்டு பிளாஸ்டிக் வார்.
உள்ளே சிவப்புப் பெயின்ட் அடித்த இரும்புக் குழாய்,
இரண்டு சின்னச் சக்கரம்,
பாலிதீன் பையில் எட்டு போல்ட்,
சில சமயம் ஏழு.

எண்ணை நான்தான் ஒட்டுவேன்.
வெருலத்தில், எங்கள் கடையின் பின்னறையில்,
மின்வெட்டு இல்லாத நேரம் பார்த்து,
அச்சு இயந்திரம் நீட்டும் நாக்கிலிருந்து
ஒவ்வொன்றாய் உரித்து:
250 கிலோ.

யார் நிறுத்துப் பார்த்தது என்று
வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் கேட்டேன்.
கிஸ்டன் முதலாளி
கால்குலேட்டரிலிருந்து தலை தூக்கவில்லை.
"எதிர்க்கடையில் இருநூறு போட்டிருக்கிறான்."

நானூற்றுத் தொண்ணூற்றொன்பது ராண்ட்.
நல்லது வேண்டுமென்றால் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது,
மூவாயிரத்துச் சொச்சம்.
அதைத் தட்டிப் பார்ப்பார்கள், கனத்துப் பேசும்.
இதைத் தட்டிப் பார்க்க மாட்டார்கள்,
தூக்கிக்கொண்டு போவார்கள்.
குறை சொல்ல எனக்கு வாயில்லை.
வண்டிக்கே இன்னும் பதினெட்டு மாதத் தவணை
பாக்கி இருக்கும் ஆட்கள்.

பூவேந்திரன் மூட்லி வந்தது ஒரு சனிக்கிழமை.
சர்க்கரை ஆலையில் இரவு ஷிஃப்ட்.
இடது காலில் முட்டி வரை மாவுக்கட்டு,
கக்கத்தில் ஊன்றுகோல்.
பின்னால் அவர் மனைவி சரோஷ்னி
அடிபட்ட நாயைத் தூக்கி வருவதுபோல்
அந்த ஸ்டாண்டைத் தூக்கி வந்தாள்.

கவுன்ட்டரில் கிடத்தினாள்.
வண்டியைத் தாங்க வேண்டிய இரண்டு கையில்
இடது கை திரும்பிக்கொண்டு நின்றது.
பற்றவைத்த இடம் வாய் பிளந்திருந்தது.
உள்ளே பற்று என்பதே இல்லை.
மென்று துப்பிய பபிள்கம் போல மேலே ஒரு கோடு,
அதன்மேல் பெயின்ட்.
பூசி மெழுகுவது என்று சொல்வோமே,
அதை அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன்.

அவர் கத்தவில்லை.
"சங்கிலிக்கு எண்ணெய் விடத்தான் தூக்கினேன்.
வண்டி நூற்றுத் தொண்ணூறு கிலோ.
அதிலும் பாதி முன்சக்கரம் தாங்குகிறது.
கணக்குப் போட்டுத்தான் வாங்கினேன், தங்கச்சி.
எப்படிப் பார்த்தாலும்
அறுபது கிலோவாவது மிச்சம் இருந்ததே?"

முதலாளியிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டார்,
ஸ்டிக்கரின் கீழே விரலை வைத்துக்கொண்டு.
அது மட்டும் அப்படியே இருந்தது.
கோணாமல், ஓரம் எழும்பாமல்.
நான் ஒட்டினால் எழும்பாது.

கிஸ்டன் சுவரிலிருந்த பலகையைக் காட்டினார்,
விற்ற சாமான் வாபஸ் இல்லை.
பிறகு என்ன தோன்றியதோ
ஒரு டின் சங்கிலி எண்ணெயை எடுத்து நீட்டினார், இலவசம்.
சரோஷ்னி அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.
ஏன் போடக் கூடாது?
தைப்பூசத்துக்கு மூன்று வாரம் இருந்தது.
அவர் மணிக்கட்டில் காப்புக் கட்டிய மஞ்சள் நூல்.
காவடியைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை லாரி வந்தது. நாற்பது பெட்டி.
கிஸ்டன் சாப்பிடப் போன பிறகு
ஒன்றைப் பிரித்துப் பூட்டினேன்.
அன்றைக்கு எட்டு போல்ட்டும் இருந்தது.
ஒரு செருப்பைக் கழற்றி, பிறகு மற்றதையும் கழற்றி,
அலமாரியைப் பிடித்துக்கொண்டு
அதன் இரண்டு கைமேலும் ஏறி நின்றேன்.
க்ரீச் என்றது. நின்றது.
பத்து எண்ணினேன், இருபது எண்ணினேன்,
உள்ளங்காலில் பெயின்ட் ஒட்டியது.

கீழே இறங்கி
அச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்தேன்.
எண்ணைக் கேட்டுக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

62 என்று அடித்தேன்.

என் எடை.
அதுவரைக்கும்தான் எனக்குத் தெரியும்.